பூங்காவனம் திருப்பிக் காட்டிய வீடுகள்

1998-ஆம் வருடம் ஐப்பசி மாதம் ஒருவர் பெரம்பலூரில் ஒரு எஞ்சினியர் ஆபீசுக்கு வந்து, தான் கட்டப் போகும் வீட்டின் பிளானைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "பிரமாதம்ங்க சார். இப்படியே கட்டிடுங்க" என்றார்.

அந்த பிளானை வரைந்தவள் பூங்காவனம். மூலையில் சாய்வு மேசை முன்னால் நின்றிருந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பயம் வந்தது. எஞ்சினியர் நடராசன் ஒன்றும் நடக்காதது போலத் தாளை வாங்கி நேராகத் திருப்பினார். "சாமி ரூமு இங்க வருது" என்று விரலால் தட்டிக் காட்டினார். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பூங்காவனத்துக்கு அப்போது இருபது வயது. ஊர் செங்குணம். அவள் தாத்தா காலம் வரைக்கும் குடும்பம் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனது. அப்பா தர்மன்தான் முதலில் கட்டட வேலைக்கு வந்தவர். சென்ட்ரிங் வேலை, கூரைக்குக் காங்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் கீழே முட்டுக் கொடுத்துப் பலகை அடிக்கிற வேலை. மகள் ஐ.டி.ஐ.யில் கட்டட வரைபடம் படித்து முடித்ததும், தான் வேலை பார்த்த எஞ்சினியரிடமே கொண்டுவந்து விட்டார். "கை சுத்தமா இருக்கும் சார். ஒரு கோடு கோணாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோடு கோணவில்லைதான். ஆனால் அந்தக் கோடுகளை யாரும் படிக்கவில்லை என்பது ஒரு வருடத்துக்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. வருகிறவர்கள் தாளை விரிப்பார்கள், வாசல் எந்தத் திசை என்று கேட்பார்கள், "சரிங்க" என்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். வீடு எழும்பி நின்ற பிறகுதான் அவர்களுக்கு வாய் வரும். "இதையா சார் காட்டுனீங்க? பீரோவ எங்க வெக்கிறது?" என்பார்கள். நடராசன் அலமாரியைத் திறந்து அதே தாளை எடுத்து நீட்டுவார். "இது யாரு கையெழுத்து?" அதோடு பேச்சு முடிந்துவிடும். கெட்ட மனுசர் இல்லை. தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிற ரகம்.

2003-இல் துறையூர் சாலையில் புதிதாக ஒரு இளம் எஞ்சினியர் ஆபீஸ் போட்டு, வாசலில் 'கம்ப்யூட்டர் மூலம் பிளான்' என்று போர்டு வைத்தார். அடுத்த வாரமே நடராசனும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதன் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்ட துணியால் மூடினார். மூன்று மாதம் யாரும் தொடவில்லை. தூசி தட்ட வருகிற அம்மாள்கூடத் தள்ளி நின்றே தட்டினாள். கடைசியில் நடராசனே சொன்னார்:

"பூங்காவனம், ஞாயித்துக்கெழம திருச்சிக்குப் போயி இத என்னான்னு கத்துக்கிட்டு வந்துடு. பஸ் செலவு நான் குடுத்துடறேன்."

போனாள். முதல் மாதம் தாளில் போடுகிற அதே கோடுகளைத் திரையில் போடக் கற்றுக்கொண்டாள். இரண்டாவது மாதம் வகுப்பெடுத்தவர், "இப்ப சுவருக்கு உயரம் குடுங்க" என்றார். செங்குணத்தில் தன் வீட்டுக்குப் பக்கத்து மனையில் தானே கற்பனை செய்து போட்ட பிளான் அது. பத்தடி என்று தட்டினாள். தரையில் படுத்துக் கிடந்த கோடுகள் எல்லாம் சடாரென்று எழுந்து நின்றன. கதவுக்கும் ஜன்னலுக்கும் வெட்டிவிட்டாள். மவுசைப் பிடித்து இழுத்தாள். வீடு திரும்பியது. பின்பக்கம் வந்தது. மேலிருந்து பார்த்தாள், உள்ளே இறங்கிப் பார்த்தாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் திருப்பிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு நாலு மணி பெரம்பலூர் பஸ்ஸை விட்டுவிட்டாள்.

அப்படி அவள் வேலையாகச் செய்த முதல் வீடு அரும்பாவூர் பெரியசாமியுடையது.

பெரியசாமி சின்ன வெங்காய வியாபாரி. ஆறடி உயரம். பேசும்போது எதிரே இருப்பவர் பத்து ஏக்கர் தள்ளி நிற்பதாக நினைத்துக்கொள்வார். மனைவி சம்பூர்ணம் சரியாக ஐந்தடி. முதல் தடவை வந்தபோது அந்த அம்மாள் வாயே திறக்கவில்லை. பெரியசாமி வழக்கம்போல வாசல் எந்தத் திசை என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"இருங்க பெரியசாமி, இப்பல்லாம் வூடு கட்டுறதுக்கு முன்னாடியே படமா பாக்கலாம்" என்றார் நடராசன். துறையூர் சாலைக்காரனுக்கு இது தெரியாது என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

பூங்காவனம் இரண்டு வாரம் உட்கார்ந்து முன்பக்கத் தோற்றத்தைச் செய்தாள். நிழலும் வெயிலும் விழுந்து படம் முழுதாக வர அந்த மெஷினுக்கு நாலு மணி நேரம் ஆகும். மூணே முக்கால் மணி நேரத்தில் கரண்ட் போகும். இப்படி மூன்று நாள் போனது. நாலாவது நாள் மின்வாரிய அலுவலகத்துக்கே போன் போட்டு, "அண்ணே, இன்னிக்கு எப்ப நிறுத்துவீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க" என்று கேட்டுக்கொண்டு அதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

படம் அழகாக வந்தது. வீட்டுக்கு முன்னால் வெறிச்சென்று இருக்கிறதே என்று, மென்பொருளோடு வந்த ஆட்களில் இரண்டு பேரை எடுத்து வாசலில் நிறுத்தினாள். அவர்கள் எல்லோருமே வெள்ளைக்காரர்கள். இருந்ததில் அடக்கமானவளாகப் பார்த்துத்தான் எடுத்தாள். ஆனாலும் முழங்காலுக்கு மேலே கவுன்.

பெரியசாமி அதை லேமினேஷன் செய்து அரும்பாவூர் முழுக்கக் காட்டினார். மூன்றாம் நாள் சம்பூர்ணம் தனியாக பஸ் ஏறி ஆபீசுக்கு வந்துவிட்டாள். படத்தை மேசைமேல் வைத்தாள்.

"பாப்பா, இவ யாரு?"

"அது சும்மா அழகுக்குங்கக்கா. கம்ப்யூட்டர்லயே இருக்கறது."

"ஊரே கேக்குது. எங்க ஓரகத்தி வந்து, 'உன் பெரிய பையன் மும்பைல வெள்ளைக்காரியக் கட்டிக்கிட்டானாமே, சொல்லவே இல்ல'ன்னு அழுதுட்டுப் போறா. இவள மொதல்ல வூட்ட வுட்டு வெளிய அனுப்பு."

பூங்காவனம் அந்த இடத்திலேயே அவளை அழித்தாள். திரையில் அவள் காணாமல் போனதைப் பார்த்த சம்பூர்ணத்துக்கு முதல் தடவையாக அந்த மெஷின்மேல் ஒரு மரியாதை வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது மின்னாடி. பின்னாடி எப்படி இருக்கும்?"

பூங்காவனம் திருப்பினாள்.

"உள்ளாரப் போவ முடியுமா?"

போனார்கள். வண்ணம் பூசாத சாம்பல் நிறச் சுவர்கள். ஹால், சாமி ரூம், அடுப்படி.

"நான் அடுப்புகிட்ட நின்னா என்னா தெரியும்?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. பூங்காவனம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கேமராவை அடுப்பு மேடைக்கு முன்னால், சம்பூர்ணத்தின் கண் உயரத்தில் வைத்தாள். திரை முழுக்கச் சுவர். வலப்பக்கம் திருப்பினாள், சுவர். இடப்பக்கம் மாடிப்படியின் அடிவயிறு.

சம்பூர்ணம் அந்தச் சாம்பலை விரலால் தட்டினாள்.

"இருபத்தி நாலு வருசமா செவுத்தப் பாத்துதான் ஆக்கிக்கிட்டு இருக்கேன். புது வூட்டுலயும் அதேதானா? மனுசி என்ன நடமாட்டம்னு பாக்க ஒரு ஜன்னல் வேணாமா?"

அடுத்த முறை புருசனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்குள் பூங்காவனம் ஒரு காரியம் செய்திருந்தாள். வெள்ளைக்காரர்களுக்குப் பதிலாகத் தானே இரண்டு உருவம் செய்து வைத்திருந்தாள். பெட்டி பெட்டியாக அடுக்கிய உடம்பு, மேலே ஒரு உருண்டை. ஒன்று ஆறடி, இன்னொன்று ஐந்தடி.

"இது நானா? இவ்ளோ குண்டாவா இருக்கேன்? இடுப்புல ஒரு நாலு இஞ்ச் கொறம்மா" என்றாள் சம்பூர்ணம்.

"அப்படியே எனக்கு மீச வெச்சிடு" என்றார் பெரியசாமி.

இடுப்பும் மீசையும் சரிசெய்யப்பட்ட பிறகு தம்பதி வீட்டுக்குள் நடந்தார்கள். ஹாலிலிருந்து கொல்லைப்பக்கம் போகிற வழி, மாடிப்படி பாதியில் திரும்பும் இடத்துக்கு அடியில் போனது. பிளானில் அது மூன்றரை அடி அகலமான நல்ல வழி. சம்பூர்ணத்தின் உருவம் போனது. தலைக்கு மேலே ஒரு இஞ்ச் இருந்தது. பெரியசாமியின் உருவம் போனது. தலையும் மீசையும் காங்கிரீட்டுக்குள் காணாமல் போய், கழுத்துக்குக் கீழே மட்டும் கொல்லைப்பக்கம் நடந்தது.

"என்னம்மா, படம் நின்னுபோச்சா?" என்றார் பெரியசாமி.

"இல்லீங்கய்யா." என்றாள் பூங்காவனம். "தல இடிச்சிடுச்சு."

அளந்து பார்த்தாள். ஐந்தடி ஒரு இஞ்ச்.

உண்மையில் இது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது என்று சொல்ல முடியாது. போன வாரமே நடராசனிடம் சொல்லியிருந்தாள். "கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பாப் போட்டிருப்ப. பிளான்ல சரியா இருக்கு பாரு" என்று தாளைக் காட்டினார். தாளில் சரியாகத்தான் இருந்தது. தாளில் யாருக்கும் தலை இல்லையே.

நடராசனிடம் சொன்ன அன்றைக்கே வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் சொன்னபோது, தர்மன் வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தார்.

"இதெல்லாம் பலகை அடிக்கையிலயே எங்களுக்குத் தெரியும். நாங்க குனிஞ்சுதான அடிப்போம்."

"அப்பறம் ஏம்ப்பா சொல்லல?"

"எவன் கேட்டான்? 'பலகை அடிக்கறவனுக்கு பிளான் என்னாடா தெரியும்'பாங்க. எஞ்சினியர் வூட்டுக்கே நாந்தான் சென்ட்ரிங் அடிச்சேன். அங்கப் போயிப் பாரு."

அவள் முன்பே போயிருந்தாள். ஒரு தடவை பழைய வரைபடம் ஒன்றை எடுத்துவர. நடராசனின் மனைவி லீலாவதி வாசலில் நின்று, "வாம்மா, குனிஞ்சு வா" என்றாள். மற்றவர்கள் வீட்டில் 'உக்காரு' என்பது போல, அந்த வீட்டில் அதுதான் உபசாரம். மாடிப்படிக்கு அடியில் பழைய சோபா மெத்தையை நீளமாக அறுத்து ஆணி வைத்து அடித்திருந்தார்கள். நடுவில் எண்ணெய்க் கறை. லீலாவதி கையில் காபித் தட்டோடு, பேச்சை நிறுத்தாமல், அப்படியே மடங்கி நிமிர்ந்து போனாள். தட்டில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

இதெல்லாம் தெரிந்தும் பூங்காவனம் பெரியசாமி முன்னால் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஏன் அப்படிச் செய்யவில்லை என்று பிற்பாடு கேட்டபோது, "ஒசரம் கேட்டு அளந்து வெச்ச ஆளுங்க. தலைய வெட்டிக் காட்ட மனசு வரல" என்றாள்.

பெரியசாமியின் சத்தம் கேட்டு நடராசன் உள்ளறையிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்தது.

"இருவத்தெட்டு வருசமா வூடு கட்டறேன் பெரியசாமி. பொம்ம தல இடிக்குதுன்னு பிளான மாத்துவாங்களா? என் வூட்டுலயே இதே மாதிரிதான் இருக்கு. வாங்க, இப்பவே வந்து பாருங்க."

"போலாங்க" என்றார் பெரியசாமி.

பூங்காவனம், "சார், வேணாம் சார்" என்று மெல்லச் சொன்னாள். அவர் காதில் விழவில்லை.

நாலு பேரும் நடந்தே போனார்கள். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். லீலாவதி வாசலில் வந்து நின்று, "வாங்க, குனிஞ்சு வாங்க" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம், நீங்க நேரா வாங்க" என்று சொல்லிக்கொண்டே நடராசன் முன்னால் போனார். படிக்கட்டுக்கு அடியில் வந்ததும் அவர் உடம்பு தானாகக் குனிந்து நிமிர்ந்தது. குனிந்தது அவருக்கே தெரியாது. பின்னால் வந்த பெரியசாமி ஹாலில் இருந்த சரவிளக்கைப் பார்த்து, "என்னா வெல சார் இது?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார்.

'டொம்' என்று ஒரு சத்தம். மெத்தை இருந்ததால் அவ்வளவுதான்.

"அடி படலையே?" என்று நடராசன் பதறித் திரும்பினார். "அதுக்குத்தான் மெத்த வெச்சிருக்கோம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. பெரியசாமி நெற்றியைப் பிடித்துக்கொண்டு மெத்தையைப் பார்த்தார். மெத்தையின் நடுவிலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார். சம்பூர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், தோள் குலுங்கியது.

லீலாவதி சொம்பில் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தாள். வரும்போதும் குனிந்துதான் வந்தாள்.

"இருவது வருசமா சொல்றேன் இவருகிட்ட. பெரிய பொண்ணப் பொண்ணு பாக்க வந்தப்ப மாப்ளையோட அப்பா இடிச்சிக்கிட்டாரு. அந்தச் சம்பந்தமே நின்னுபோச்சு."

"அது ஜாதகம் பொருந்தாம நின்னுது" என்றார் நடராசன்.

"இடிச்சதுக்கு அப்பறந்தான பொருந்தாமப் போச்சு?"

திரும்பி வந்ததும் நடராசன் ஆபீஸ் வாசலில் நின்று, பூங்காவனத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டே, "மாடிப்படிய எங்க தள்ளலாம்னு பாரு" என்றார்.

அன்று மத்தியானமே பார்த்தார்கள். பிளானை விரித்து அல்ல. திரையின் முன்னால் நாலு நாற்காலி போட்டு. படிக்கட்டைத் தெற்குச் சுவரோடு ஒட்ட வைத்ததும் கொல்லைக்குப் போகும் வழி திறந்தது. அடுப்படி மூலைக்கு நகர்ந்தது. மூன்றடிக்கு நாலடியில் ஒரு ஜன்னலும் கிடைத்தது. சம்பூர்ணத்தின் உருவம் அடுப்பருகே நின்று வெளியே பார்த்தது. கிணற்றடி, வாசல் கேட், அதைத் தாண்டி தெரு முனை வரைக்கும் தெரிந்தது.

"வெங்காய லாரி வந்தா இங்கேர்ந்தே தெரியுமே" என்றாள் சம்பூர்ணம்.

"நான் எப்ப வரேன் எப்ப போறேன்னும் தெரியும்" என்றார் பெரியசாமி, அவ்வளவு சந்தோசமில்லாமல்.

அந்த வீட்டில் 2005 தையில் குடிபுகுந்தார்கள். அதற்குப் பிறகு பூங்காவனத்துக்கு ஓய்வு இல்லை. கடம்பூர், வேப்பந்தட்டை, லப்பைக்குடிக்காடு என்று எங்கிருந்தோ எல்லாம் ஆட்கள் வந்து, "அந்தத் திருப்பிக் காட்டுற பொண்ணு இருக்காங்களா?" என்று கேட்டார்கள். முன்பு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள் இப்போது குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். திரையைப் பார்த்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு யோசனை வந்தது. ஒருவர் வீட்டுக்குள் ஆட்டுக்கு ஒரு அறை கேட்டார். அண்ணன் தம்பி இருவர், யார் பால்கனியிலிருந்து யார் பால்கனி தெரிகிறது என்று பார்த்து, பாகப்பிரிவினையையே மறுபடி தொடங்கினார்கள். ஒரு பிளான் முடிய முன்பு இரண்டு நாள். இப்போது இரண்டு மாதம். நடராசன் தலையில் கை வைத்தார். ஆனால் வீடு கட்டி முடித்த பிறகு சண்டைக்கு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அலமாரியில் கையெழுத்துத் தாள்களைத் தேட வேண்டிய வேலை அவருக்கு இல்லாமல் போயிற்று.

2006-இல் அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை அறிவழகன், ஆலத்தியூர் சிமென்ட் ஆலையில் ஒப்பந்தத்தில் எலெக்ட்ரீசியன். ஊர் உடையார்பாளையம். பெண் பார்க்க வந்தபோது அறிவழகன் ஒன்றும் கேட்கவில்லை. பூங்காவனம்தான் கேட்டாள்:

"உங்க வூட்ட நான் ஒரு தடவ பாக்கணும்."

மாப்பிள்ளையின் அம்மா பஞ்சவர்ணம் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைப்பு நடத்திப் பிள்ளையை வளர்த்தவள். விரலெல்லாம் முந்திரிப் பால் பட்டுக் கறுத்த தழும்பு. அந்த அம்மாள் கேட்டாள்:

"எதுக்கும்மா?"

"நாந்தான அதுல இருக்கப் போறேன்."

"வயசுப் பொண்ணு மாப்ள வூட்டப் பாக்கப் போனா ஊரு என்னா சொல்லும்?" என்று யாரோ பெரியவர் ஆரம்பித்தார். பஞ்சவர்ணம் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

"நான் பாக்காமத்தான் வந்தேன். மழ வந்தா நாலு குண்டான் வெக்கணும்னு வந்தப்பறந்தான் தெரிஞ்சுது. வரட்டும்."

அடுத்த ஞாயிறு அப்பாவோடு போனாள். இரண்டு அறை, ஒரு சாய்ப்பு, மேலே சீமை ஓடு. பைக்குள்ளிருந்து டேப்பை எடுத்தபோது அறிவழகன் கூச்சத்தில் கொல்லைப்பக்கம் போய்விட்டான். இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று பூங்காவனம் திரும்பிப் பார்த்தாள். பஞ்சவர்ணம் வந்து பிடித்தாள். மூலைக்கு மூலை இருவரும் அளந்தார்கள். தெருவே வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தது.

மூன்று வாரத்தில் படம் வந்தது: ஓட்டுக்குப் பதிலாகத் தளம், சாய்ப்பு இருந்த இடத்தில் காற்று வரும் அறை, முந்திரி உடைக்க வெளிச்சமுள்ள ஒரு இடம். பஞ்சவர்ணம் அந்த அறையைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத்தாங்க அத்த."

கல்யாணம் ஆனது. புது வீட்டின் தளத்துக்குப் பலகை அடித்தது தர்மன். இந்தத் தடவை மகளிடம் மூன்று குறை சொன்னார். இரண்டை அவள் மாற்றினாள். மூன்றாவதற்கு இன்னும் சண்டை நடக்கிறது.

2007 கடைசியில் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானபோது, அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து பூங்காவனம் தனியாகத் தொழில் தொடங்கினாள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், வருகிறவர்களுக்கு ஆறு நாற்காலி. ஆறும் ஒருபோதும் போதவில்லை. மத்தியானங்களில் பஞ்சவர்ணமும் உடையார்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, ஆறில் ஒன்றைப் பிடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் சிமென்ட் லாரி வைத்திருக்கும் ஒருவர், கோபுரம் மாதிரி முகப்பு வேண்டும், மேலே இரண்டு சிங்கம் வேண்டும் என்று அரை மணி நேரம் கையை ஆட்டிச் சொன்னார். பூங்காவனம் குறித்துக்கொண்டாள். பக்கத்தில் அவர் மனைவி மடியில் பையை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

பஞ்சவர்ணம் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"சிங்கம் கெடக்கட்டும் தாயி. நீ என்னா நெனச்ச, அதச் சொல்லு."

அந்தப் பெண் புருசனைப் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்தாள். அன்றைக்கு அவர்கள் வந்த லாரி கீழே தெருவை அடைத்துக்கொண்டு சாயங்காலம் ஐந்தரை மணி வரைக்கும் நின்றது. போலீஸ்காரர் இரண்டு தடவை மாடி ஏறி வந்தார். இரண்டாவது தடவை, தானும் காலி மனை ஒன்று வாங்கிப் போட்டிருப்பதாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.